ஹேளி என்றால் கேளி

விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர் வைத்தவர் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் எங்கள் கம்பெனி அதை அறிவித்தபோது, விருப்பம் கம்பெனியுடையதாகவும் ஓய்வு எங்களுடையதாகவும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் நான் ரிட்டயர் ஆனேன். தலையில் முடி இருந்தது, வாயில் பல் இருந்தது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

எனக்கு அது சின்ன விஷயமில்லை. அசெம்பிளி லைனில் என் வேலை என்ன என்று கேட்டால் கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கேன்டீனில் என் வேலை என்ன என்று கேட்டால் யோசிக்க மாட்டார்கள். மேனேஜர் நடப்பதைப் போல நடந்து காட்டுவேன். யூனியன் செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்ப்பதைப் போல ஸ்பூனைத் தட்டிக் காட்டுவேன். பிரிவுபசார விழாவில் மாலையைக் கழற்றாமலே நான் பேசிய பேச்சில் டீ ஆறி, போண்டா விறைத்து, அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு வீட்டில் கேட்க ஒரே ஒருத்தி. நாங்கள் இருவரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்கள். என் மனைவி பொறுமைசாலிதான். ஆனால் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கியதும் முடிவை அவள் சொல்லிவிடுவாள். "இது போன தீபாவளிக்குச் சொன்னதுல்லா?" என்பாள். பிறகு குக்கரைத் திறப்பாள்.

இந்த நிலையில்தான் பெங்களூர் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் அந்த மனிதரைப் பார்த்தேன். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் பஸ் நகரவில்லை. எல்லாரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, பக்கத்து சீட்காரர் பையிலிருந்து செங்கல் மாதிரி ஒன்றை எடுத்தார். மேலே கருப்பாக ஒரு ரப்பர் வால். அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, "அத்திப்பள்ளியில மாட்டிக்கிட்டேன், வர நேரமாகும், ஓவர்" என்றார். பெட்டிக்குள்ளிருந்து யாரோ, "நிதானமா வாங்க, காபி வச்சிருக்கோம்" என்றார்கள். டிரங்க் கால் இல்லை, எஸ்.டி.டி. பூத்தில் வரிசை இல்லை, மீட்டர் இல்லை. அவர் காபியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

அதற்கு ஹாம் ரேடியோ என்று பேர் என்றார். பரீட்சை எழுதி, மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் பேசலாம். முன்பின் தெரியாதவர்களிடம் பேசலாம். அவர்களும் பதில் பேசுவார்கள். நான் குறுக்கே புகுந்து கேட்டேன்: "அவங்க எழுந்து போக முடியாதா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மோர்ஸ் என்னும் கட்-கட தந்தி மொழி தெரியாதவர்களுக்கென்று கடைசி பெஞ்சு லைசென்ஸ் ஒன்று இருந்தது. பெங்களூர் போய்ப் பரீட்சை எழுதி அதை வாங்கினேன். இடையில் போலீஸ் விசாரணைக்கு என்று வீட்டுக்கு ஒருவர் வந்துபோனதில் தெருவில் என் மதிப்பு ஒரு வாரம் ஏறி, விஷயம் தெரிந்ததும் இறங்கியது. பஸ்ஸில் பார்த்தவரே தன் பழைய செட்டை எனக்கு மலிவாகத் தந்தார். ஜப்பான் செட். பேட்டரி கழன்று விழாமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்ட். கொடுக்கும்போது ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: "அவசரப்பட்டுப் பேசிடாதீங்க. முதல்ல கேளுங்க. நல்லாக் கேட்டுப் பழகணும்." அந்த அறிவுரை என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கும் தெரியாது.

பெங்களூரில் ஓர் உயரமான கட்டடத்தின் மேல் ரிப்பீட்டர் என்ற பெட்டி இருந்தது. நம்முடைய சின்ன செட் முணுமுணுப்பதை வாங்கி ஊருக்கே உரக்கச் சொல்வது அதன் வேலை. எங்கள் தெருவில் அதே வேலையைக் குழாயடி கரண்ட் இல்லாமலே செய்துவந்தது. தினமும் காலையில் அந்த ரிப்பீட்டர் வழியாக எல்லாரும் கூடுவார்கள். நடத்துபவர் ஒருவர் உண்டு. கரகரத்த குரல். வயதானவர் என்று நினைத்துக்கொண்டேன். இடைவெளி கிடைக்கும்போது அரசாங்கம் நமக்குக் கொடுத்திருக்கும் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். எழுத்தும் எண்ணுமாக, வண்டி நம்பர் மாதிரி இருக்கும். அதைக் கேட்டதும் அவர் நம்மைப் பேச அழைப்பார். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லிப் பொத்தானை விட வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கடைசி விதியை மனைவியிடம் சொன்னபோது, "அத நீங்க தனியாச் சொல்லணுமாக்கும். நீங்க எப்பவுமே ஓவர்தான்" என்றாள்.

சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். அருமையாக வந்தது. சோப்பு டப்பாவில் நான் உலகம் முழுக்கப் பேசினேன்.

மறுநாள் மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே, நிஜப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால் செட்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்ததும் எனக்குள் எல்லா விளக்குகளும் அணைந்தன. என் அழைப்புக்குறி மறந்துபோனது. நல்லவேளையாக உள்ளங்கையில் எழுதியிருந்தேன். பார்த்தால் வேர்வையில் பாதி அழிந்திருந்தது. கேன்டீனில் எதிரே முகம் இருக்கும். ஒருவன் சிரிக்கத் தொடங்குவது தெரிந்தால் அங்கிருந்து வண்டி தானாக ஓடும். இங்கே எதிரே இருந்தது என் பனியன், அதுவும் தலைகீழாக. அது சிரிக்கவில்லை.

எப்படியோ அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டேன். பொத்தானை விட்டதும் மழைபோல இரைச்சல். அதற்குள்ளிருந்து கரகரத்த குரல் கன்னடத்தில் வந்தது: "கேளி சார், கேளி."

பதினேழு வருடங்கள் கன்னடக்காரர்களோடு லைனில் நின்றவன் நான். கன்னடத்தில் கெட்ட வார்த்தைகள் முழுக்கவும் நல்ல வார்த்தைகள் ஓரளவும் தெரியும். கேளி என்றால் கேளுங்கள். பஸ்ஸில் பார்த்தவர் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார்: புதுசா வந்திருக்கீங்க, முதல்ல கேளுங்க. என்ன ஒரு நாகரிகமான கூட்டம்! எனக்கு உயிர் வந்தது. பேச வேண்டியதில்லை. செட்டைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதே குரல், "ஹோதரு" என்றது. யாரோ லேசாகச் சிரித்தார்கள். கூட்டம் அடுத்தவரிடம் போனது.

ஹோதரு என்றால் போனார். போய்விட்டார். பெரியவர்களைப் பற்றிச் சொன்னால் ஒரேயடியாகப் போய்விட்டார் என்றும் அர்த்தம் வரும். கீழே இறங்கி வந்து மனைவியிடம் வருத்தத்தோடு சொன்னேன். "முதல் நாளே ஒரு துக்கச் செய்தி. அவங்க ஆள் ஒருத்தர் தவறிட்டார் போல."

"ஐயோ பாவம்" என்றாள்.

இரண்டு நாள் விட்டு மறுபடி மாடி ஏறினேன். அழைப்புக்குறி சொன்னேன். "கேளி சார், கேளி." கேட்டேன். அமைதி. பிறகு, "ஹோதரு." அடுத்த வாரமும் அப்படியே. பாவம், எல்லாரும் வயதானவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் யாரோ சிரித்தது கொஞ்சம் உறுத்தியது. பெங்களூர்க்காரர்களுக்கு மனசு கல் என்று முடிவு செய்தேன்.

நான்காவது சாவுக்குப் பிறகு மனைவி கவலைப்பட ஆரம்பித்தாள். "ஏங்க, அந்தக் கூட்டத்துல போய்ச் சேரணுமா? சேர்ந்தவுகளா போய்க்கிட்டே இருக்காக."

"நான் இன்னும் சேரலையே. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எத்தன நாளைக்குக் கேப்பீக?"

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபாக்டரியில் பெரிய ஆள். சீசன் தொடங்கினால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக மாங்காய் வந்து கேட்டில் நிற்கும். கேட்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தார். பேச ஆள் கிடைக்கும்தான். ஆனால் மாங்காய் அழுகிக்கொண்டிருக்கும் லாரியின் டிரைவர் பேசுகிற பேச்சு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பெரியது, மச்சான் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து என்னை 'மாப்ளே' என்று கூப்பிடுவார். பதினேழு வருடம் மேனேஜரைப் போல நடந்து காட்டிப் பிழைத்தவன், மச்சானைப் போல நடந்து காட்டினால் வீட்டில் சோறு கிடைக்காது.

மனைவி நியாயஸ்தி. ஒரு ஒப்பந்தம் போட்டாள். "மாங்கா இறங்குததுக்குள்ள அந்தப் பெட்டியில ஒரே ஒரு மனுசன்கிட்டயாவது நீங்க பேசிட்டா, அண்ணன்கிட்ட நானே வேண்டாம்னு சொல்லிருதேன். சும்மா மாடில போயி இழவு கேட்டுட்டு வாரதுன்னா, பெட்டிய வித்துட்டு கிருஷ்ணகிரிக்குக் கிளம்புங்க."

கடைத்தெருவில் மாவடு வந்துவிட்டது. நான் மாவடுவைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

மாடியில் இரைச்சல் அதிகம், அதனால்தான் தைரியம் வரவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, ஒரு காலை பழைய டிபன் பையில் செட்டைப் போட்டுக்கொண்டு மலைக்கோயிலுக்கு ஏறினேன். சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டதாக ஆயிற்று. கோயிலுக்குப் பின்புறம் பாறையில் போய் நின்றால் ஊர் முழுக்கக் கீழே கிடக்கும். ஃபாக்டரிக் கூரைகள், ரிங் ரோடு, அதற்கப்பால் பெங்களூர்ப் பக்கத்துப் புகை. செட்டை ஆன் செய்தேன். இரைச்சல் நின்று, குரல்கள் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல வந்தன. காரணம் ஒன்று குறைந்துபோனது.

"யோவ். என்னாய்யா அது கையில?"

திரும்பினேன். காக்கி. ஒரு கான்ஸ்டபிள், கையில் லத்தி, இன்னொரு கையில் தொன்னையில் பொங்கல்.

அது எந்தக் காலம் என்று சொல்லிவிட வேண்டும். சந்தனக் கடத்தல்காரனைத் தேடி இரண்டு மாநில எல்லைக் காடுகளிலும் போலீஸ் தேடுதல் நடந்துகொண்டிருந்த வருடங்கள். அஞ்செட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் வெங்காய மூட்டையைக்கூடக் குத்திப் பார்த்தார்கள். அந்த நாளில் பாறை மறைவில் நின்றுகொண்டு வாக்கி டாக்கி வைத்திருப்பவன் ஒன்று போலீசாக இருக்க வேண்டும், இல்லை போலீஸ் தேடுகிறவனாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்பது எனக்கும் டெல்லிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

"எந்த ஸ்டேஷன்யா நீ?" என்றார்.

பதற்றத்தில் மனிதனுக்கு விதிப் புத்தகம்தான் ஞாபகம் வரும். லைசென்ஸ் உள்ள ஒவ்வொருவரும் ஒரு ஸ்டேஷன் என்று அதில் போட்டிருந்தது. "நானே ஒரு ஸ்டேஷன்தான், ஏட்டய்யா" என்றேன். அவர் சாதாரண கான்ஸ்டபிள்தான். பயத்தில் நான் பதவி உயர்வு கொடுத்திருந்தேன்.

அவர் பொங்கலைப் பாறைமேல் வைத்தார். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"லைசென்ஸ் எங்க?"

"பீரோவுல."

"யாருகிட்ட பேசிட்டிருந்த?"

"யாருகிட்டயும் இல்லைங்க. வாங்கினதிலேருந்து இதுவரைக்கும் யாருகிட்டயுமே பேசினதில்லைங்க."

"யாருகிட்டயும் பேசாத ஆளுக்கு எதுக்குய்யா வாக்கி டாக்கி?"

என் மனைவி பல வாரமாகக் கேட்ட கேள்வி. மேனேஜர் மாதிரி நடப்பது, யூனியன் செயலாளர் மாதிரி தட்டுவது எல்லாம் வரிசையாக மனதில் வந்து, இந்த இடத்துக்கு எதுவும் உதவாது என்று வரிசையாகத் திரும்பிப் போயின.

"சரி. என் எதிர்ல பேசு. அந்தப் பக்கம் யாரு வர்றாங்கன்னு நானும் பாக்கறேன். ஒழுங்கான ஆளா இருந்தா நீ வூட்டுக்குப் போ. இல்லன்னா என்கூட வா."

ஒரு பக்கம் மாங்கூழ், ஒரு பக்கம் லாக்கப். பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளங்கையில் எழுதியதைப் படித்துவிட்டுப் பொத்தானை விட்டேன். கரகரத்த குரல் உடனே வந்தது. காது பழகியபடியே எனக்கு 'கேளி' என்று கேட்டது.

"என்னா சொன்னாரு?" என்றார் கான்ஸ்டபிள்.

"கேட்கச் சொன்னாருங்க."

"எத?"

"தெரியலைங்க. எப்பவும் கேட்கச் சொல்வாரு. கேட்பேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மரியாதையாகச் சைகை காட்டி நிறுத்தினேன். கேட்கும்போது பேசக் கூடாது. இருவரும் தலையைக் குனிந்து செட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஹோதரு" என்றது குரல்.

நான் பெருமூச்சு விட்டேன். "பாவம். இன்னிக்கும் யாரோ இறந்துட்டாங்க."

கான்ஸ்டபிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தேடப்படுகிற ஆள் இப்படி இருக்க மாட்டான் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"யோவ், செத்தது நீதான்யா."

"ஐயா?"

"எனக்கு அஞ்செட்டிப் பக்கம். எங்கூட்ல கன்னடம்தான். அவரு கேளின்னா சொன்னாரு? ஹேளின்னாருய்யா. ஹேளி. சொல்லுங்க, பேசுங்கன்னு அர்த்தம். ஒரு தடவைக்கு ரெண்டு தடவ சொல்றாரு, நீ தவம் பண்ற. அதான் ஆளு போயிட்டாருன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புட்றாரு."

மஹாவை மகா ஆக்கி, மோஹனை மோகன் ஆக்கி வளர்ந்த காது எனக்கு. இரைச்சல் ஒரு ஹ-வைத் தின்றால் அந்த இடத்தில் ஒரு க-வை வைத்து இட்டு நிரப்புவது அதற்குப் பிறவிப் பழக்கம். ஆனால் எல்லாப் பழியையும் காதுமேல் போட முடியாது. பேசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நடுங்கிக்கொண்டிருப்பவனுக்கு, கேள் என்பதுதான் காதில் விழும். அந்த நான்கு சாவுகளும், இன்றைய ஐந்தாவதும் என்னுடையவை. முதல் நான்கு முறையும் என் மனைவி எனக்காக ஐயோ பாவம் சொல்லியிருக்கிறாள்.

"கூப்புடு மறுபடியும்" என்றார் கான்ஸ்டபிள். லத்தி என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊக்கப்படுத்தத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கூப்பிட்டேன். "ஹேளி சார், ஹேளி" என்றது குரல். இந்த முறை ஹ தெளிவாகக் கேட்டது. கூடவே ஒரு சலிப்பும்.

பேசு என்று சொல்லிவிட்டார்கள். சோப்பு டப்பாவில் தயாரித்த முன்னுரை, நகைச்சுவை, ஓசூர் வானிலை, ஒன்றும் ஞாபகம் இல்லை. சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே, லைனில் கற்ற கன்னடத்தில், என் முதல் வார்த்தைகளை ஆகாயத்தில் விட்டேன்:

"நானு இதீனி சார். ஹோகில்லா. ஓவர்."

நான் இருக்கிறேன் சார். போகவில்லை.

ரிப்பீட்டர் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் சிரித்து முடித்துப் பொத்தானை விட, அடுத்தவர் அழுத்திச் சிரித்தார். கடைசியில் கரகரத்த குரல், "மௌனி சார் மாதாடிபிட்ரு!" என்றது. மௌனி சார் பேசிவிட்டார். இத்தனை நாளும் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் போய்விடுகிற ஓசூர்க்காரனுக்கு அங்கே அதுதான் பெயராம். கேன்டீனில் யாராவது அதைக் கேட்டிருந்தால் சோறு புரையேறியிருக்கும்.

எந்த ஏரியா, என்ன செட் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். வேர்த்தது, ஆனால் சொன்னேன். கான்ஸ்டபிளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பிடி பொங்கலை வாயில் போட்டுக்கொண்டு, "இப்படிக் குடு, நானும் ரெண்டு வார்த்த பேசறேன்" என்று கை நீட்டினார்.

"லைசென்ஸ் இல்லாம பேசக் கூடாதுங்க, ஏட்டய்யா" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவர் நீட்டிய கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுவும் கரெக்ட்தான்" என்றார். "அப்ப நான் கேட்டன்னு சொல்லு." சொன்னேன். போலீஸ்காரர் ஒருவர் நலம் விசாரிக்கிறார் என்றதும் அந்தப் பக்கம் சிரிப்பு சட்டென்று அடங்கி, எல்லாரும் தங்கள் அழைப்புக்குறியை ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேசிவிட்டேன் என்றேன். நம்பவில்லை. "சாட்சி யாரு?" என்றாள்.

"ஒரு போலீஸ்காரர்."

கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. முதன்முறையாக, முடிவை அவளால் முன்னால் சொல்ல முடியவில்லை. செத்தது நீதான்யா என்ற இடம் வந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஒப்பந்தப்படி அண்ணனுக்குச் சொல்லியும் அனுப்பினாள். "அவுகளுக்குப் பெங்களூர்ல பேச்சுவார்த்தை இருக்கு. வர முடியாது" என்று சொன்னாளாம். மச்சான் கம்பெனி மறுபடி கூப்பிடுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, அந்த சீசன் முழுக்க என்னிடம் மரியாதையாகப் பேசினார்.

மாங்காய் லாரிகள் கிருஷ்ணகிரி ரோட்டில் போய்க்கொண்டிருந்த நாட்களில் நான் காலைதோறும் பாறையில் இருந்தேன். மேனேஜர் கதை, யூனியன் கதை, போண்டா விறைத்த கதை, எல்லாம் பெங்களூருக்குப் புதுசு. ஒருநாள் நான் நடுவில் மூச்சு வாங்கப் பொத்தானை விட்டபோது, கரகரத்த குரல் அவசரமாக உள்ளே புகுந்து ஏதோ சொன்னது. ஹேளி சார் என்றாரா, கேளி சார் என்றாரா, எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. நான் பேசிக்கொண்டே போனேன்.